உள்ளே பட்ட காயம் ஆறுவது எப்படி?

சைக்கிள் ஓட்டப் பழகிய நாட்களில் முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளாதவர் நம்மில் யார்? முதலில் இரத்தம் கசியும். சில நிமிடங்களில் அது உறைந்து நின்றுவிடும். மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் பொருக்குத் தட்டியிருக்கும். ஒரு வாரம், பத்து நாட்களில் பொருக்கு உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பான புதுத்தோல் எட்டிப் பார்க்கும். அதற்குள் நாலைந்து முறையாவது, "கையை வைத்துப் பிய்க்காதே" என்று அம்மா அதட்டியிருப்பார்.

இப்போது ஒரு கேள்வி. இதே போன்ற சிராய்ப்பு உடலுக்கு உள்ளே, இரத்தம் ஓடும் குழாயின் உட்சுவரில் ஏற்பட்டால் என்ன ஆகும்? அங்கேயும் பொருக்குத் தட்டுமா?

சற்று யோசித்துப் பாருங்கள். பொருக்குத் தட்டாவிட்டால் காயம் திறந்தே கிடக்கும். பெரிய பொருக்காகத் தட்டிவிட்டாலோ குழாயே அடைபட்டுவிடும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பக்கவாதம். ஆகவே, இரத்தக் குழாயின் காயத்தை ஆற்றுவது போக்குவரத்தை ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் சாலையைப் பழுது பார்ப்பது போன்ற வேலை. பழுது குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. இந்த வேலையை நம் உடலின் செல்கள் எப்படிச் செய்கின்றன என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

மூன்று அடுக்குச் சுவர்

இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்களுக்குத் தமனிகள் என்று பெயர் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பாருங்கள். நிமிடத்திற்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிற்கும் தமனியின் சுவர் ஒரு முறை விரிந்து மீள்கிறது. நாள் ஒன்றுக்கு இலட்சம் முறை இழுபட்டும் கிழியாத ரப்பர் குழாயை நீங்கள் கடையில் வாங்க முடியுமா?

தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளி அடுக்கு நார்த் திசுவால் ஆனது. குழாயைச் சுற்றிப் போட்ட உறைபோல அது தாங்கி நிற்கிறது. நடு அடுக்கில் வரியற்ற தசைச் செல்களும் மீள்தன்மையுள்ள இழைகளும் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கின்றன. இத்தசைகள் சுருங்கினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். உள் அடுக்கில், இரத்தத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டு இருப்பது எண்டோதீலியம் என்னும் உட்படலம். இதன் கனம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு செல்! தரையில் ஓடு பதித்தது போல, தட்டையான செல்கள் ஒன்றையொன்று நெருங்கி, இரத்தம் ஓடும் திசையில் நீண்டு படுத்திருக்கின்றன. உட்கரு இருக்கும் இடத்தைத் தவிர மற்ற இடங்களில் இவற்றின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்தால் ஒரு பங்குதான் மைக்ரான்.

தவறிப்போன சோதனையும் கிடைத்த உண்மையும்

இவ்வளவு மெல்லிய படலத்தை விஞ்ஞானிகள் நெடுங்காலம் வெறும் பூச்சு என்றே எண்ணியிருந்தார்கள். குழாயின் உட்புறத்தில் வழவழப்பாக வண்ணம் பூசியது போல அது சும்மா இருக்கிறது என்பது அவர்கள் கருத்து. இந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முக்கியமானவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆராய்ச்சி செய்துவந்த இராபர்ட் ஃபர்ச்காட்.

அவர் முயலின் பெருந்தமனியைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றின் மீது அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் செலுத்திப் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் தமனித் துண்டு சுருங்கும். ஆனால் 1978ஆம் ஆண்டில் ஒரு நாள், சோதனையின் வரிசை தவறிப்போக, எதிர்பாராத வகையில் துண்டு சுருங்காமல் தளர்ந்தது. இதென்ன விந்தை? ஃபர்ச்காட் அதைத் தவறு என்று ஒதுக்கிவிடவில்லை. துருவித் துருவி ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. முன்பெல்லாம் துண்டுகளைத் தயாரிக்கும்போது அவற்றின் உட்புறம் தெரியாமல் உரசப்பட்டு, உட்படலச் செல்கள் உதிர்ந்து போயிருந்தன. இம்முறை அவை உதிராமல் இருந்தன. செல்கள் இருந்தால் தமனி தளர்கிறது, இல்லாவிட்டால் சுருங்குகிறது!

பிறகு அவர் இன்னொரு சோதனை செய்தார். உட்படலம் நீக்கிய ஒரு துண்டையும் உட்படலம் உள்ள ஒரு துண்டையும் உட்புறங்கள் ஒன்றையொன்று தொடும்படி சேர்த்து வைத்தார். அப்போது உட்படலம் இல்லாத துண்டும் தளர்ந்தது. ஆகவே, உட்படலச் செல்கள் ஏதோ ஒரு பொருளை வெளிவிடுகின்றன. அது பக்கத்திலுள்ள தசைச் செல்களுக்குப் போய்ச் சேர்கிறது என்பது உறுதியாயிற்று. இந்த முடிவுகள் 1980இல் வெளியாயின. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் சாதாரண வாயு என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஃபர்ச்காட்டுக்கும், லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகியோருக்கும் இதற்காகவே வழங்கப்பட்டது.

உட்படலம் இன்னும் பல வேலைகளைச் செய்கிறது. அது வெளிவிடும் நைட்ரிக் ஆக்ஸைடும், புரோஸ்டாசைக்ளின் என்ற மற்றொரு பொருளும், இரத்தத்தில் மிதந்து செல்லும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் தடுக்கின்றன. அடியிலுள்ள தசைச் செல்களை, "பெருகாதீர்கள், அமைதியாக இருங்கள்" என்று அடக்கி வைப்பதும் உட்படலமே. இது வெறும் பூச்சு அன்று. காவல்காரன் என்றே சொல்லலாம். அந்தக் காவல்காரன் அடிபட்டு விழுந்தால் என்ன நடக்கும் என்பதை இனிப் பார்ப்போம்.

முதலுதவி

உட்படலச் செல்கள் உதிர்ந்த இடத்தில் அடியிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதம் வெளியே தெரியும். இரத்தத்தில் உள்ள தட்டணுக்களுக்கு இதுவே அபாயச் சங்கு. தட்டணுக்கள் மிகச் சிறியவை. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான்தான். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். ஆனால் வேகமாக ஓடும் இரத்தத்திலிருந்து இவை சுவரைப் பற்றுவது எளிதன்று. ஓடும் பேருந்திலிருந்து கம்பத்தைப் பிடிப்பது போன்றது அது. இதற்கு உதவுவது ஃபான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம். இதன் ஒரு முனை கொலாஜனைப் பற்றும். மறு பகுதி தட்டணுவை இழுத்து நிறுத்தும்.

ஒட்டிய தட்டணுக்கள் வடிவம் மாறி, கை கால் முளைத்தாற்போல் பரவுகின்றன. த்ராம்பாக்ஸேன் முதலிய பொருள்களை வெளிவிட்டு, மேலும் தட்டணுக்களை அழைக்கின்றன. இவற்றைச் சுற்றிப் பைப்ரின் இழைகள் வலை பின்னுகின்றன. இவ்வாறு காயத்தின் மேல் ஒரு மெல்லிய ஒட்டு விழுகிறது.

இந்த ஒட்டு ஏன் வளர்ந்து வளர்ந்து குழாய் முழுவதையும் அடைத்துவிடவில்லை? காயத்தின் ஓரத்தில் நலமாக உள்ள உட்படலச் செல்களே காரணம். ஒட்டு தங்கள் பக்கம் வந்தவுடன் அவை நைட்ரிக் ஆக்ஸைடையும் புரோஸ்டாசைக்ளினையும் வெளிவிட்டு, "இதற்கு மேல் வராதே" என்று நிறுத்துகின்றன. பைப்ரின் இழைகளைக் கரைக்க வழி செய்யும் பொருளையும் அவை சுரக்கின்றன. அடைப்பதும் கரைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

அக்கம்பக்கத்தார் உதவி

அடுத்தது நிரந்தரப் பழுது. நலமான தமனியில் உட்படலச் செல்கள் மிக அரிதாகவே பிரிகின்றன. நான்கு பக்கமும் அண்டைச் செல்கள் தொட்டுக்கொண்டிருக்கும்வரை அவை அமைதியாக இருக்கும். ஒரு பக்கம் வெற்றிடமானால் அந்த அமைதி கலைகிறது. வெற்றிடத்தின் ஓரத்திலுள்ள செல் தட்டையாகி, முன்பக்கம் மெல்லிய விளிம்பை நீட்டி, நத்தைபோல ஊர்ந்து முன்னேறுகிறது. பின்னாலுள்ளவை பிரிந்து பெருகி இடத்தை நிரப்புகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஊர்ந்துவரும் செல்லைத் தொட்டதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. எலியின் தமனியில் ஒன்றிரண்டு செல் அகலமே உள்ள கீறல் இவ்வாறு ஓரிரு நாட்களில் மூடிக்கொள்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட காயம் தழும்பே இல்லாமல் ஆறிவிடுகிறது.

ஆனால் காயம் அகலமாக இருந்தால்? எலியின் கழுத்துத் தமனி முழுவதிலும் உட்படலத்தை நீக்கிவிட்டுக் காத்திருந்தபோது, இரு முனைகளிலிருந்தும் செல்கள் ஊர்ந்து வந்தன. ஆனால் சில வாரங்களுக்குப் பிறகு அவை தளர்ந்து நின்றுவிட்டன. நடுப்பகுதி மூடப்படாமலே இருந்தது. உட்படலத்தின் பழுது பார்க்கும் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இது காட்டுகிறது.

தசைச் செல்கள் தொழில் மாறும்போது

காவல்காரன் இல்லாத இடத்தில் நடு அடுக்கின் தசைச் செல்கள் சும்மா இருப்பதில்லை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரஸ்ஸல் ராஸும் அவரது குழுவினரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். தட்டணுக்கள் வெளிவிடும் ஒரு பொருள் தசைச் செல்களைப் பெருகத் தூண்டுகிறது என்பதே அது. தட்டணுக்கள் முதலுதவி செய்வதோடு நிற்காமல் கொத்தனாரையும் அழைக்கின்றன!

அழைப்பைக் கேட்ட தசைச் செல் தன் தொழிலை மாற்றிக்கொள்கிறது. சுருங்கி விரியும் வேலையை விட்டுவிட்டு, பிரிந்து பெருகவும், இடம் பெயரவும், கொலாஜன் போன்ற கட்டடப் பொருள்களைத் தயாரிக்கவும் தொடங்குகிறது. எலியின் தமனியில் இது கால அட்டவணைப்படி நடக்கிறது. காயம் பட்ட இரண்டாம் நாள் நடு அடுக்கில் செல் பிரிதல் உச்சத்தை அடைகிறது. நான்காம் நாள் வாக்கில் செல்கள் மீள் இழைத் தகட்டின் துளைகள் வழியே நுழைந்து உட்புறம் வந்து சேர்கின்றன. இரண்டு வாரங்களில் அங்கே ஒரு புதிய அடுக்கே எழும்பிவிடுகிறது. உட்படலம் விரைவில் வந்து மூடினால் இச்செல்கள் அடங்கிவிடும். வரத் தாமதமானால் அடுக்கு தடித்துக்கொண்டே போகும். எந்த வேலை சுவரைப் பலப்படுத்த வேண்டுமோ, அதே வேலை பாதையைக் குறுக்கிவிடுகிறது.

பலூன் கற்பித்த பாடம்

இது வெறும் எலிக் கதை அன்று. 1977 செப்டம்பர் 16ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் என்ற மருத்துவர், 38 வயது நோயாளி ஒருவரின் குறுகிப்போன இதயத் தமனிக்குள் மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தினார். அதன் நுனியில் ஒரு சிறு பலூன். குறுகிய இடத்தில் அதை ஊதியதும் பாதை திறந்துகொண்டது. நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டியிருக்கவில்லை. தொடக்க காலத்தில் அந்தப் பலூன்களைத் தம் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்தே அவர் தயாரித்தார் என்பது சுவையான செய்தி. முதல் நோயாளியின் தமனி பத்தாண்டுகளுக்குப் பின்னும் திறந்தே இருந்தது.

எல்லாருக்கும் அந்த நல்வாய்ப்பு கிட்டவில்லை. பலூன் ஊதும்போது உட்படலம் உரிகிறது. நடு அடுக்கும் இழுபட்டுக் கிழிகிறது. அதாவது, வைத்தியமே ஒரு காயம். தமனி அந்தக் காயத்தை ஆற்ற முற்பட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு ஆறு மாதங்களுக்குள் அதே இடம் மீண்டும் குறுகியது. விரிந்த குழாய் மறுபடி சுருங்கியது ஒரு காரணம். தசைச் செல்கள் பெருகியது மற்றொரு காரணம்.

சுருங்குவதைத் தடுக்க, 1986ஆம் ஆண்டில் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் மருத்துவர்கள் தமனிக்குள் உலோக வலைக்குழாய் ஒன்றைப் பொருத்தினர். இதுதான் இன்று எல்லாரும் பேசும் ஸ்டென்ட். வலை முட்டுக்கொடுத்ததால் குழாய் சுருங்கவில்லை. ஆனால் தசைச் செல்களோ வலையின் கண்கள் வழியே இன்னும் அதிகமாக வளர்ந்தன. அவற்றை எப்படி அடக்குவது?

விடை ஒரு தீவின் மண்ணிலிருந்து வந்தது. பசிபிக் பெருங்கடலில் தன்னந்தனியே கிடக்கும் ஈஸ்டர் தீவுக்கு 1964இல் கனடாவிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு சென்று மண் மாதிரிகளைச் சேகரித்தது. அம்மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா சுரக்கும் பொருளை, மான்ட்ரியலில் பணியாற்றிய இந்திய வம்சாவளியினரான சுரேந்திர நாத் சேகலும் அவர் குழுவினரும் பிரித்தெடுத்து, 1975இல் அறிவித்தனர். தீவு மக்கள் தங்கள் தீவுக்கு வழங்கும் பெயர் ராப்பா நூயி. அதனால் மருந்துக்கு ராப்பாமைசின் என்று பெயரிட்டனர். பூஞ்சைகளைக் கொல்லும் மருந்தாக முதலில் கருதப்பட்ட இது, செல்கள் பிரிவதையே தடுக்க வல்லது என்று பின்னர் தெரிந்தது. இம்மருந்து பூசிய ஸ்டென்ட் 1999இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. மருந்து சிறிது சிறிதாகக் கசிந்து தசைச் செல்களை அடக்கியது. மீண்டும் குறுகுவது வெகுவாகக் குறைந்தது.

கதை இத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. மருந்துக்குத் தசைச் செல் எது, உட்படலச் செல் எது என்று தெரியாது. இரண்டையும் அது தடுத்தது. அதனால் உலோகக் கம்பிகளின் மேல் உட்படலம் படர்வது தாமதமாயிற்று. மூடப்படாத கம்பியைத் தட்டணுக்கள் காயம் என்றே எண்ணுகின்றன. திடீரென்று இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்படக்கூடும். இதனால்தான் ஸ்டென்ட் வைத்தவர்கள் தட்டணுக்களை அடக்கும் இரண்டு மருந்துகளை மாதக்கணக்கில் தவறாமல் உட்கொள்ள வேண்டும் என்றும், தாமாக நிறுத்திவிடக் கூடாது என்றும் மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். பிற்காலத்தில் வந்த ஸ்டென்ட்களில் கம்பிகள் மெல்லியவை. உட்படலம் விரைவில் படர இடம் தருபவை.

அம்மருந்துகளில் ஒன்று உங்களுக்குத் தெரிந்த ஆஸ்பிரின். சிறிய அளவு ஆஸ்பிரின் எப்படித் தட்டணுவை மட்டும் பெரிதும் பாதிக்கிறது? விடை உங்கள் உயிரியல் பாடத்திலேயே உள்ளது. த்ராம்பாக்ஸேன் செய்யத் தேவையான நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆகவே அதனால் புதிய நொதியைத் தயாரிக்க முடியாது. தன் ஆயுளான 7 முதல் 10 நாட்களும் அது முடங்கியே கிடக்கும். உட்படலச் செல்லுக்கு உட்கரு உண்டு. சில மணி நேரத்தில் புதிய நொதியைச் செய்து, புரோஸ்டாசைக்ளின் சுரப்பதைத் தொடர்கிறது. ஆஸ்பிரினால் வயிற்றிலோ மூளையிலோ இரத்தக் கசிவு ஏற்படவும் கூடும். எனவே மருத்துவர் சொல்லாமல் யாரும் இதை வழக்கமாக உட்கொள்ளக் கூடாது.

சிராய்ப்பு இல்லாத காயம்

பலூனால் ஏற்படும் காயம் ஒரு நாளில் நேர்வது. ஆண்டுக்கணக்கில் மெதுவாக நேரும் காயமும் உண்டு. புகையிலைப் புகை, உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, மிகுந்த கொழுப்பு ஆகியவை உட்படலத்தைத் தாக்குகின்றன. இவற்றால் செல்கள் உதிர்ந்துவிடுகின்றன என்று ராஸ் முதலில் கருதினார். பின்னர் இக்கருத்து திருத்தப்பட்டது. செல்கள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் காவல் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. நைட்ரிக் ஆக்ஸைடு குறைகிறது. கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் நுழைகின்றன. அவற்றை விழுங்க வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. தசைச் செல்கள் அவற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. தமனி கிளை பிரியும் இடங்களிலும் வளைவுகளிலும் இரத்த ஓட்டம் சீராக இல்லாததால், அங்கேதான் இந்தப் படிவு முதலில் தோன்றுகிறது.

இது முதியவர்களின் நோய் என்று எண்ணுகிறீர்களா? கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1953இல் தம் முடிவை வெளியிட்டனர். அவ்வீரர்களின் சராசரி வயது 22. அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு இதயத் தமனிகளில் இந்நோயின் அறிகுறி ஏதேனும் ஒன்று இருந்தது! ஐம்பது வயதில் வரும் மாரடைப்பு, இருபது வயதிலேயே விதை ஊன்றிவிடுகிறது.

இதில் அச்சத்திற்கு மட்டும் இடமில்லை, நம்பிக்கைக்கும் இடமுண்டு. புகைப்பதை விட்டவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஓடியாடி விளையாடும்போது இரத்தம் விரைவாக ஓடி, உட்படலத்தைத் தடவிச் செல்கிறது. அந்தத் தடவலே மேலும் நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கத் தூண்டுகோலாகிறது. இடைவிடாமல் புதிய காயம் நேராவிட்டால் போதும். உட்படலம் தன்னைச் சீர்செய்துகொள்ள முயலும்.

முழங்காலில் பட்ட காயத்துக்கு அம்மா என்ன சொன்னார்? "கையை வைத்துப் பிய்க்காதே, தானே ஆறிவிடும்." உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் கனமுள்ள படலத்துக்கும் அதுவே பொருந்தும். முதல் சிகரெட்டை யாராவது உங்களிடம் நீட்டும்போது, இதை நினைத்துக்கொள்ளுங்கள்.